இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக்

அத்தியாயம் 9

கெல்சிக்கு ஒரு டாக்டராவது கிடைப்பாரா மாட்டாரா என்று மூன்று வாரமாக என்னைத் துளைத்து எடுக்கிறீர்கள். கிடைத்துவிட்டார். கிடைத்தவர் யார் என்று தெரிந்தால், கிடைக்காமலே இருந்திருக்கலாமே என்று நீங்களே சொல்வீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட மதிப்பெண் மட்டும் போதாது. நாற்பது மணி நேரம் ஒரு டாக்டரின் பின்னாலேயே நின்று, அவர் நோயாளிகளைப் பார்க்கிற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தாள் என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள் அந்தக் காகிதம் வரவில்லை என்றால் இந்த வருடம் சிபாரிசுக் கடிதம் கிடையாது என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சொந்தத்தில் டாக்டர் இருக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கெல்சியின் அப்பா டெல்மர் லாரி ஓட்டியவர். அம்மா ரோண்டா, வில்லோ பெண்ட் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். இந்த வம்சத்தில் டாக்டரை யாரும் நோயாளியாகத் தவிர வேறு விதமாகப் பார்த்தது கிடையாது.

ஐம்பத்திரண்டு டாக்டர்களுக்கு எழுதினாள். போனில் கெஞ்சினாள். "இன்சூரன்ஸ் ஒத்துக்காதும்மா" என்றார்கள். "ஸ்டூடண்ட்ஸை எடுக்கறதில்ல" என்றார்கள். பாதிக்கு மேல் கிணற்றில் போட்ட கல்.

ஐம்பத்து மூன்றாவது ஆளிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. "செவ்வாய் காலை எட்டு மணி. சென்ட் போடாமல் வரவும். ஆர்டித் ஹேகன்."

வில்லோ பெண்டில் இருக்கிற ஒரே டாக்டர் ஹேகன். மூன்று வருடத்துக்கு முன்னால் டெல்மரை லாரியிலிருந்து கீழே இறக்கியவரும் அவரேதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. கல்லூரிக்கு இலையுதிர்கால விடுமுறை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கெல்சி மாடியிலிருந்து இறங்கினாள். டெல்மர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். மக்காச்சோள அறுவடை நேரம். தானியக் கிடங்கின் எடை மேடைக்கு அவர் ஏழரைக்குப் போக வேண்டும். முன்னே அதே மேடையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவராக இருந்தார். இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மற்றவர்களின் வண்டிக்குச் சீட்டு எழுதுகிறார்.

"எங்க, சாவு வீட்டுக்கா? கறுப்பு பேண்ட்டும் அதுவுமா கெளம்பிட்ட?"

"டாக்டர் கிடைச்சுட்டாங்கப்பா."

"அடி சக்கை! எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

கோப்பை பாதி வழியில் நின்றது. இந்த ஊரில் எத்தனை டாக்டர் என்று டெல்மருக்கா தெரியாது?

"அவகிட்டயா?"

"அவங்ககிட்டதான்."

"ஐம்பத்திரண்டு பேர் மாட்டேன்னு சொன்னானுங்க. ஐம்பத்து மூணாவதா இவதான் கிடைச்சாளா உனக்கு?"

"ஐம்பத்திரண்டு பேர் மாட்டேன்னு சொன்னதாலதான்பா இவங்ககிட்ட போறேன். இவங்களை முதல்ல கேட்டேனா? கடைசியாத்தானே கேட்டேன்."

"நாற்பது மணி நேரம் மூலையில நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு, மானத்தையும் விட்டுட்டுப் போகணுமா?"

"ஆமாம்பா. அந்த வேடிக்கை பாக்கறதுக்குத்தான் நாலு மாசமா நாயா பேயா அலையறேன். உங்களுக்குத் தெரியாதா?"

அடுப்படியிலிருந்து ரோண்டா திரும்பாமலே சொன்னாள். "போகட்டும் டெல்."

இந்த விஷயத்தில் ரோண்டா வாயே திறக்க மாட்டாள். இன்றைக்குத் திறந்தாள். கெல்சிக்குக்கூட அது கொஞ்சம் வியப்பாக இருந்தது.

டெல்மரின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லாரி ஓட்டுகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் உடம்பைக் காட்டி ஒரு மருத்துவ அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் வண்டியைத் தொட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், அட்டையைப் புதுப்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, டெல்மருக்கு ஒரு முறை வலிப்பு வந்தது. வீட்டுக் குளியலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு மனிதர்களைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. படிவத்தில் இல்லை என்றுதான் எழுதினார். ஆனால் ஹேகன் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, "போன மாசம் ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வலிப்பு வந்துச்சா, டெல்மர்?" என்று நேருக்கு நேர் கேட்டார். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனிதருக்கு வரவில்லை. அதோடு முடிந்தது இருபத்திரண்டு வருட ஓட்டம்.

யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். யார்? பக்கத்து வீட்டு கேரி என்று டெல்மர் முடிவு கட்டிவிட்டார். குளியலறை ஜன்னல் கேரியின் வீட்டைப் பார்த்து இருக்கிறது, அது போதாதா? மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கேரியிடம் இரவல் வாங்கிய பனி வாரும் இயந்திரம் இன்னும் டெல்மரின் ஷெட்டில்தான் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். டிரைவருக்கு நடந்தது டாக்டர் காதுக்குப் போகக் கூடாது. கூட்டாளிக்கு நடந்தாலும் அதேதான்.

கெல்சிக்கு அந்தக் கோடையில் பதினேழு வயது முடிந்திருந்தது. அப்பாவோடு லாரியில் சால்ட் லேக் நகரம் வரை ஒரு வாரம் போவதாக ஏற்பாடு. எட்டு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பயணம். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அட்டை போயிற்று, பயணமும் போயிற்று. அந்தப் பையை அவிழ்க்க மனமில்லாமல் ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தாள்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

டாக்டர் ஹேகனுக்கு ஐம்பத்தாறு வயது. ஆறடி உயரம். நடந்தால் பின்னால் வருகிறவர் ஓட வேண்டும். ரகசியம் காப்பேன் என்ற காகிதத்தில் கெல்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று விரலைக் காட்டினார்.

"தொடாதே. பேசாதே. மயங்கி விழாதே. ஒவ்வொரு அறைக்குள்ள போறதுக்கு முன்னாடியும் உன்னைச் சேத்துக்கலாமான்னு கேப்பேன். வேண்டாம்னு சொன்னா வெளியே நிக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

"அறையில பாத்தது அறையோட. உங்க வீட்டு நாய்க்கிட்ட கூடச் சொல்லக் கூடாது."

"எங்க வீட்டுல நாய் இல்ல டாக்டர்."

"நல்லதாப் போச்சு."

காலை முழுக்க மூலையில் நின்றாள். சோளத் தூசு அடைத்துக் காது கேட்காமல் வந்த விவசாயி ஒருவர், "அட, நம்ம டெல்மர் பொண்ணா? நல்லாப் பாரும்மா, உள்ளே ஒரு மூட்டை சோளமே இருக்கும்" என்றார். ஊசி என்றதும் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்ட ஒரு குட்டிப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுக்காமல், டாக்டரும் கூடவே தரையில் உட்கார்ந்து ஊசி போட்டார். ஒரு பெண்மணி வேண்டாம் என்று தலையாட்டினாள். கெல்சி வெளியே போய் நின்றாள், ஏன் என்று கேட்கவில்லை.

கால் வலித்தது, பசித்தது. ஆனால் நாலு மாதத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைந்திருந்தது. இதுதான் வேண்டும், இது ஒன்றுதான் வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

இரண்டரை மணிக்கு நாலாம் அறைக் கதவில் டாக்டர் தட்டினார். "லாரி டிரைவர் செக்கப். வா."

உள்ளே கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கெல்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வென்டல்.

டெல்மரோடு இருபது வருடம் சேர்ந்து ஓடியவர். கெல்சிக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். சனிக்கிழமை ஃபுட்பால் பார்க்க அவர் வராவிட்டால் டெல்மருக்கு ஆட்டம் ருசிக்காது.

"அட, நம்ம பாப்பா! இருக்கட்டும் டாக்டரம்மா, தாராளமா இருக்கட்டும். இவ பல்லு விழுந்ததையே நான் பாத்திருக்கேன். இவ என் தொந்தியைப் பாத்தா என்ன ஆயிடப் போகுது?"

அறை முழுக்க வினிகர் நாற்றம். அட்டைப் பரிசோதனைக்கு முந்தின நாள் காப்பியை நிறுத்தி, வாழைப்பழமாகத் தின்று, ரெண்டு டம்ளர் வினிகர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கும் என்பது இந்த நெடுஞ்சாலையில் ஓடுகிற அத்தனை பேரின் வைத்தியம்.

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். "நூத்தி முப்பத்தெட்டு. வினிகர் வேலை செஞ்சிருக்கு."

"எந்த வினிகர்?" என்றார் வென்டல், பச்சைக் குழந்தை மாதிரி.

டாக்டர் படிவத்தைப் புரட்டினார். வென்டலே நிரப்பிக் கையெழுத்துப் போட்ட படிவம். மூலையிலிருந்தே கெல்சிக்கு அது தெரிந்தது. நீளமான வரிசை. இதய நோய், இல்லை. சர்க்கரை, இல்லை. தலைசுற்றல், மயக்கம், நினைவிழத்தல்.

இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக்.

மூன்று சனிக்கிழமைக்கு முன்னால் டெல்மர் வீட்டுப் பின்கட்டில் வென்டல் அடுப்பில் சாசேஜ் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடுக்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஓடிப் போய்த் தலையைத் தாங்கியது கெல்சிதான். ஒரு நிமிடத்துக்கு மேல் அவர் கண் திறக்கவில்லை. திறந்ததும், "ஸ்கோர் என்ன?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வெயில், வெயில் என்றார் டெல்மர். அன்றைக்கு வெயிலே இல்லை. பிறகு டெல்மர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். சட்டம் நினைவிருக்கட்டும் என்று அர்த்தம். யாரும் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

"மயக்கம் கியக்கம் ஏதாவது?" டாக்டர் வாயாலும் கேட்டார்.

"எனக்கா? சேச்சே." வென்டல் கெல்சியைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

டாக்டர் சிறுநீர்க் குப்பியை எடுத்துக்கொண்டார். "இதைச் சோதிச்சுட்டு, அட்டையையும் எடுத்துட்டு வந்துடறேன். நீ இங்கயே இரு கெல்சி. ரெண்டு நிமிஷம்."

கதவு சாத்திக்கொண்டது.

தொடாதே, பேசாதே என்பது காலையிலிருந்து காதில் இருந்தது. பேசினால் போயிற்று. ஐம்பத்து நாலாவது டாக்டர் எங்கே இருக்கிறார்? இன்றைக்கு ஆறரை மணி நேரம் ஆகியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் ஆறரை, நாற்பதாகும். கையெழுத்து வரும், சிபாரிசு வரும். வாயைத் திறந்தால் டாக்டரும் போவார், அப்பாவும் போவார்.

ஆனால் அவர் தலையை மடியில் தாங்கியது அவள்தான். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம் நெடுஞ்சாலையில், முப்பத்தைந்து டன்னோடு வந்தால்?

"மாமா, சொல்லிடுங்க."

"என்னத்தை?"

"பின்கட்டுல விழுந்ததை."

வென்டலின் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் தாழ்ந்தது. "அது வெயிலு பாப்பா."

"வெயிலே இல்ல மாமா. நான்தானே உங்க தலையைப் பிடிச்சிருந்தேன்? உங்க முகம் சாம்பலாட்டம் இருந்துச்சு. ஒரு நிமிஷத்துக்கு மேல நீங்க எழுந்துக்கவே இல்ல."

"ரெண்டே வருஷம்டி. ரெண்டு வருஷம் ஓட்டினா நானே நிறுத்திடப் போறேன். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடும்?"

"அம்மாவோட ஸ்கூல் விடற மூணு மணிக்கு, அந்த வாசல்லதான் தினமும் நீங்க லாரியைத் திருப்பறீங்க."

வென்டலின் கண் கதவுப் பக்கம் போனது.

"நீங்களே சொல்லிடுங்க மாமா. அவங்க கதவைத் திறக்கற வரைக்கும் டைம். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

"உங்கப்பன் சோத்துல மண்ணைப் போட்டானே கேரி, அவன் மாதிரியா?" இப்போது சிரிப்பும் போய்விட்டது. "டெல்மருக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிப்பானாடி?"

"மாட்டாரு." கெல்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் உடையவில்லை. "தெரியும். ஆனாலும் சொல்வேன்."

கதவு திறந்தது. டாக்டர் கையில் அட்டையும் பேனாவும்.

வென்டல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெல்சி மூலையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"டாக்டர், நான் இந்த ரூமுக்குள்ள வந்திருக்கவே கூடாது. இவரைப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும். இவரே சொல்லணும்னு கேட்டேன். இவர் சொல்லலேன்னா..."

"இவளை வெளியே போகச் சொல்லுங்க," என்றார் வென்டல்.

டாக்டர் கெல்சியைப் பார்த்தார். வென்டலைப் பார்த்தார். "வெளியே இரு."

நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவள் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நகத்தைக் கடித்தாள். நர்ஸ் இதயத் துடிப்பு பார்க்கிற கருவியை நாலாம் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே என்ன பேச்சு என்று கெல்சிக்குக் கேட்கவில்லை.

வென்டல் வெளியே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நேரே அவள் முன்னால் வந்து நின்றார்.

"டிக்கை ஆமாம்னு மாத்திப் போட்டுட்டேன். நானேதான் போட்டேன். அட்டை கிடையாது, இதய டாக்டரைப் பாத்துட்டு வரணுமாம். திருப்தியா?"

"மாமா..."

"மாமாவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். உங்கப்பன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

விறுவிறுவென்று போய்விட்டார். கெல்சி இரண்டு நிமிடம் கழிப்பறையில் நின்று அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

ஹேகன் எழுதிக்கொண்டே பேசினார். "என் அறையில, என் நோயாளிக்கு நீ கெடு வச்சிருக்க. அது தப்பு. பெரிய தப்பு. தெரிஞ்சவர்னதுமே என்கிட்ட வந்து, நான் இதுல இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கணும். என்னையும் சொல்லணும். இந்த ஊர்ல பாதிப் பேர் உனக்கு மாமா, நான் யோசிச்சிருக்கணும்."

"சரி டாக்டர்."

"இது என்ன, அழுதியா?"

"ஆமா."

"சரி. தண்ணி குடி." மேஜையில் இருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஏழு மணி நேரம். நாற்காலியில உக்காந்திருந்ததைக் கழிச்சா ஆறரை."

டாக்டர் ஆறரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கெல்சி காகிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை வரலாமா டாக்டர்?"

"டிரைவர் செக்கப் ஒண்ணுக்கும் நீ உள்ளே வரக் கூடாது."

"வரல."

"எட்டு மணிக்கு வந்துடு. எட்டு அஞ்சுக்கு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

கதவு வரை போனவள் திரும்பினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "எங்கப்பாவைப் பத்தி உங்களுக்கு போன் பண்ணினது யாரு?"

ஹேகன் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பதினெட்டு வருஷமா இந்த மேஜைக்கு வந்த எதையும் நான் வெளியே விட்டதில்ல. வீட்டுக்குப் போ கெல்சி."

வீட்டில் மாலை ஐந்தரைக்கெல்லாம் பீன்ஸும் மாட்டிறைச்சியும் கொதிக்கிற சில்லி வாசனை, அடுப்பில் இலவங்கப்பட்டை ரொட்டி வாசனை. இரண்டையும் சேர்த்துத் தின்பது இந்த ஊர்க்காரர்களின் பித்து. பள்ளிக்கூடத்தில் ஐந்நூறு பேருக்குச் செய்வதை ரோண்டா வீட்டில் மூன்று பேருக்குச் செய்வாள்.

டெல்மர் சாப்பிட உட்காரவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"வென்டல் வந்தான். எடை மேடைக்கு. வண்டியில வரல, நடந்து வந்தான்." மகள் பக்கம் திரும்பினார். "என்ன நடந்துச்சு அங்க?"

"சொல்ல முடியாதுப்பா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்கிட்டயா சொல்ல முடியாது?"

"யார்கிட்டயும் சொல்ல முடியாது."

"அவகிட்ட மட்டும் சொல்ல முடிஞ்சுதோ?"

 கெல்சிக்குத் தன் பக்கத்துக் கதையைச் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே நீ அங்க போகக் கூடாது."

"வெள்ளிக்கிழமை போறேன்பா."

"போகக் கூடாதுன்னு சொல்றேன்!"

"நீங்க எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கிறேன். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அங்க இருப்பேன்."

"என்னைக் கவுத்தான் கேரி. இன்னிக்கு வென்டலைக் கவுத்தது என் பொண்ணு." டெல்மர் மேஜையை ஓங்கி அடித்தார். கரண்டிகள் துள்ளின. "என் வீட்டுக்குள்ளயே ஒரு கேரியை வளத்திருக்கேன் பாரு!"

ரோண்டா அகப்பையைப் பாத்திரத்தின் மேல் வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"கேரி இல்ல, டெல்."

"என்ன?"

"கேரி உனக்கு ஒண்ணும் பண்ணல. உனக்கு வலிப்பு வந்த அன்னிக்கு அந்த வீட்டுல ஆளே இல்ல. போன் பண்ணினது நான்."

டெல்மர் மனைவியையே பார்த்தார்.

"நீ ஷெட்டுல டயர் மாத்திட்டு இருந்த. திங்கட்கிழமை சால்ட் லேக். இவ பையைக் கட்டி வாசல்ல வச்சுட்டா. உன் பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு வரப் போறா." ரோண்டா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் எப்போதோ போய்விட்டது. "ஒரு வாரமா உன்கிட்ட கெஞ்சினேன். இவளையாவது விட்டுட்டுப் போன்னேன். ஒண்ணும் ஆகாதுன்ன. வாசல்ல அந்தப் பையைப் பாத்தேன். போனை எடுத்துட்டேன்."

கெல்சிக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது. நீலப் பை. பக்கவாட்டுப் பையில் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று வாங்கி வைத்த சூரியகாந்தி விதைப் பொட்டலம். அம்மா அதைத் தாண்டித் தாண்டித்தானே தினமும் வெளியே போய் வந்தாள்? ஒரு நாள்கூட அதை எடுத்து உள்ளே வை என்று சொன்னதில்லையே.

"மூணு வருஷமா ஏன் சொல்லல?" என்றார் டெல்மர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"பயம். நீ போயிடுவியோன்னு பயம்." ரோண்டா மகளைப் பார்த்தாள். "இன்னிக்கு இவ உன் முன்னாடி நின்னு உன் திட்டையெல்லாம் வாங்கிக்கிறா. இருபது வயசுக்காரி வாங்கிக்கும்போது நான் எப்படி நின்னு பாக்கறது?"

 டெல்மர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

ஷெட் கதவு மேலே தூக்கப்படுகிற சத்தம். கெல்சி ஜன்னலுக்கு ஓடினாள். பிக்கப்பை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகப் போகிறார் என்றுதான் நினைத்தாள். வண்டி கிளம்பவில்லை. சரளைக் கல்லில் இரும்புச் சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் வந்தது.

அந்தப் பனி வாரும் இயந்திரத்தை டெல்மர் தள்ளிக்கொண்டு போனார். மூன்று வருடத் தூசோடு. கேரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கதவு முன்னால் நின்றார். மணியை அழுத்தவில்லை. திரும்பியும் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ரோண்டாவும் ஜன்னலுக்கு வந்து மகளின் பக்கத்தில் நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை எட்டு மணின்னா சொன்ன?"

"எட்டு மணிம்மா. எட்டு அஞ்சு ஆனா திருப்பி அனுப்பிடுவாங்க."

"சட்டையைக் கழட்டிப் போடு. துவைச்சு வைக்கிறேன்."